சிவப்பு வராத கம்ப்யூட்டர்

ஜூன் 4, புதன்

காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து ஒரே சண்டை. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் எல்லாம் இப்போதுதான் விண்ணப்பம் போட வருகிறார்கள். இந்த நேரம் பார்த்து இரண்டாம் நம்பர் கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றின் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தால், திரை முழுக்கச் சிவப்பாக ஒரு எச்சரிக்கை. "இது மோசடித் தளமாக இருக்கலாம், திரும்பிப் போங்கள்" என்கிறது. எங்கே போவது? கடையை விட்டா?

வரிசையில் நின்ற ஒரு அம்மா பதறிப்போனாள். "என்னம்மா இது, ரத்தச் செவப்பா வருது! எம்புள்ள பேரு ஏதும் கெட்டுப்போச்சா?" என்று கேட்டுவிட்டு மகளைக் கையோடு இழுத்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டாள். அவள் பின்னால் இன்னும் மூன்று பேர். எதிர்க் கடைக்காரன் வாசலில் நின்று சிரிக்கிறான்.

கல்லூரிக்குப் போன் போட்டேன். "ஏதோ வைரஸ் புகுந்துட்டு மேடம், ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றார்கள். கல்லூரி உண்மையான கல்லூரிதானே. இந்தச் சனியன் எதற்குக் கத்த வேண்டும்? செட்டிங்ஸுக்குள் போய் எச்சரிக்கையை அமத்திவிட்டேன். "பாதுகாப்பு குறையும், சம்மதமா?" என்று கேட்டது. சம்மதம். இனி வாயைத் திறக்காது.

ஒன்றாம் நம்பரை அப்படியே விட்டுவிட்டேன், அது பிரிண்ட் எடுக்க மட்டும்தான். மூன்றாம் நம்பர் எட்டு மாதமாகச் சும்மா அழகுக்கு உட்கார்ந்திருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

சிவப்பு வரவில்லை. முப்பத்தொரு பேர். மத்தியானம் சாப்பிட மூன்றரை ஆயிற்று.

ஜூன் 7, சனி

பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் கோமதிநாயகம் அண்ணாச்சி தன் மகள் முப்பிடாதியைக் கூட்டிக்கொண்டு வந்தார். நர்சிங் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பம் போட வேண்டும். கட்-ஆஃப் நூற்று எண்பத்தாறரை. நான் இந்தக் கடை வைத்துப் பதினாறு வருடம் ஆகிறது. இப்படி ஒரு மார்க்கை நான் தட்டச்சு செய்தது எண்ணி நாலைந்து முறைதான். அண்ணாச்சி உள்ளே வரவில்லை. கால் ஈரமாக இருக்கிறதாம், தரை அழுக்காகிவிடுமாம். வாசலிலேயே துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். கடை முழுக்கப் பிச்சிப்பூ வாசம்.

இரண்டாம் நம்பரில் தேடினேன், முதலில் வந்த இணைப்பைத் திறந்தேன். நல்ல பளிச்சென்று இருந்தது. நான் பட்டனை அழுத்துவதற்குள் அந்தப் பெண் மெல்லக் கேட்கிறாள்.

"அக்கா, இது சரியான சைட்டுதானா? போலியா நெறைய இருக்கு, நல்லாப் பாத்துப் போடுங்கன்னு மிஸ்ஸு சொன்னாங்க."

எட்டுப் பேர் நிற்கிறார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஏட்டி, பதினாறு வருசமா நான் என்ன இங்க பல்லாங்குழியா ஆடுதேன்? உன் மிஸ்ஸுக்கே நாந்தான் அப்ளிகேஷன் போட்டுக் குடுத்தேன், தெரியுமா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் முகம் சிறுத்துப்போய், "சாரிக்கா" என்றாள். வாசலிலிருந்து அண்ணாச்சி, "ஏ புள்ள, அக்காவுக்குத் தெரியாதா? சும்மா இரு" என்று அவரும் ஒரு அதட்டுப் போட்டார்.

வேலை மளமளவென்று முடிந்தது. அரசாங்க வேலை என்றால் ஆயிரம் கேள்வி கேட்கும், ஓடிபி அனுப்பும், நடுவில் தொங்கும். இது எதுவுமே கேட்கவில்லை. சான்றிதழை ஏற்றினேன், கட்டணத்தைக் கட்டினேன், பச்சை டிக் வந்தது. போன் நம்பர் என்னுடையதைத்தான் போட்டேன். எல்லாருக்கும் அப்படித்தான் போடுவேன். அவர்கள் மெசேஜை அழித்துவிட்டு வந்து நிற்பார்கள், பிறகு நான்தான் அலைய வேண்டும்.

"முடிஞ்சிட்டா தங்கச்சி?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"முடிஞ்சிட்டு. மெசேஜ் வந்ததும் சொல்லுதேன்."

ஜூன் 9, திங்கள்

டோனர் தீர்ந்துவிட்டது. முப்பிடாதி வந்தாள். மெசேஜ் வரவில்லை என்று சொன்னேன்.

ஜூன் 12, வியாழன்

அந்தப் பெண் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துவிடுகிறாள். லீவுக்கு நைட்டி தைக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கே போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம். அதனால் வேலை முடிந்ததும் நேரே இங்கேதான். "மெசேஜ் வந்துச்சாக்கா?" என்பாள், இல்லை என்பேன், "சரிக்கா" என்று போய்விடுவாள். தொந்தரவில்லாத பிள்ளை. அன்றைக்கு நான் திட்டியதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை போல.

இன்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினாள். மார்க்கெட்டில் ஒருத்தர் யாரோ போனில் கேட்டார்கள் என்று ஓடிபியைச் சொல்லி, பேத்தி கல்யாணத்துக்கு வைத்திருந்ததை எல்லாம் விட்டுவிட்டாராம். அதிலிருந்து இவள் அப்பாவைப் பிடித்து உட்கார வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறாள்.

"யாரு கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்கேங்க்கா. பேங்குன்னு சொன்னாலும், போலீசுன்னு சொன்னாலும், நானே இன்னொரு நம்பர்ல இருந்து கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னுருக்கேன். தெனமும் ஒருதடவ கேள்வி கேப்பேன். இப்ப எங்கப்பா பெயிலே ஆக மாட்டாரு."

கெட்டிக்காரி. நர்ஸானால் ஆஸ்பத்திரியையே ஒழுங்காக்கிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 16, திங்கள்

எழுதவே கை வரவில்லை.

காலையில் இரண்டாம் நம்பர் கீபோர்டில் டீயைக் கொட்டிவிட்டேன். சரி என்று ஒன்றாம் நம்பரில் உட்கார்ந்தேன். அதே நர்சிங் விண்ணப்பத்துக்கு இன்னொரு பெண் வந்தாள். நாளை சாயங்காலம் ஐந்து மணியோடு கடைசி. தேடினேன், அதே முதல் இணைப்பைத் திறந்தேன். சிவப்பு.

"வந்துட்டா மகராசி" என்று திட்டிக்கொண்டே எச்சரிக்கையைத் தாண்டிப் போகப் பார்த்தேன். ஏனோ ஒரு தடவை மேலே முகவரியைப் பார்த்தேன். அரசாங்க முகவரியே இல்லை அது. யாரோ ஒருத்தன் அதே நிறம், அதே முத்திரை எல்லாம் வைத்துச் செய்த பக்கம். கீழே ஐந்தாவதாக இருந்தது உண்மையான தளம். அது பழசாக, மங்கலாக, நத்தை மாதிரித் திறந்தது.

வந்த பெண்ணுக்கு அதில் போட்டுக்கொடுத்து அனுப்பினேன். அப்புறம் முப்பிடாதியின் விவரத்தை அதே தளத்தில் போட்டுப் பார்த்தேன். "இப்படி ஒரு பதிவு இல்லை." பிறந்த தேதியை மறுபடி சரிபார்த்தேன். மூன்று தடவை போட்டேன். இல்லை.

ஆறு மணிக்கு வந்தாள். "மெசேஜ் வந்துச்சாக்கா?"

கடையில் கூட்டம். நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது? "வரும்ட்டி" என்றேன்.

எதற்குச் சொல்லிக் கலக்க வேண்டும்? அவள் சான்றிதழ் எல்லாம் என்னிடம்தான் இருக்கின்றன. நாளைக் காலையில் நானே உண்மையான தளத்தில் போட்டுவிடுவேன், கட்டணமும் நானே கட்டிவிடுவேன். அவளுக்குத் தெரியவே வேண்டாம். ஒரு மணி நேர வேலை.

ஜூன் 17, செவ்வாய்

காலை ஒன்பது மணிக்கே உட்கார்ந்தேன். கடைசி நாள் என்பதால் தளம் திணறியது. ஒவ்வொரு பக்கமும் கால் மணி நேரம் சுற்றியது. எல்லாவற்றையும் நிரப்பி முடிக்கப் பன்னிரண்டு. கடைசிப் பக்கத்தில் ஆதாரைச் சரிபார்க்க வேண்டும் என்றது. ஓடிபி ஆதாரோடு சேர்த்த நம்பருக்குத்தான் போகும். நேற்று வந்த பெண்ணுக்கு அவள் கையிலிருந்த போனுக்கே வந்துவிட்டதால் இது எனக்கு உறைக்கவில்லை. முப்பிடாதியின் ஆதாரில் இருப்பது அவள் அப்பா நம்பர்.

பன்னிரண்டு பத்துக்குக் கோமதிநாயகம் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். மார்க்கெட் இரைச்சல்.

"அண்ணாச்சி, பிரவுசிங் சென்டர்ல இருந்து பேசுதேன். உங்க மக அப்ளிகேஷன்ல சின்னதா ஒரு திருத்தம். இப்ப ஒரு நம்பர் வந்துருக்கும், அதக் கொஞ்சம் சொல்லுங்க."

மூட்டையைக் கீழே போடும் சத்தம் கேட்டது. அப்புறம், "அப்ளிகேஷன்லாம் அன்னைக்கே முடிஞ்சிட்டே" என்றார்.

"முடிஞ்சிட்டுதான். இது ஒரு சின்னத் திருத்தம்."

"நீங்க யாரு பேசுதீங்க?"

"நாந்தான் வடிவு. கடைக்கார அக்கா."

"வடிவு தங்கச்சி குரலு எனக்குத் தெரியாதாக்கும்? கடைப் பேரத் தெரிஞ்சு வச்சிக்கிட்டு வாரியளோ? ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு எம்மவ சொல்லிருக்கா. இன்னொரு தடவ போன் போட்டா போலீசுக்குப் போயிருவேன், ஆமா!"

வைத்துவிட்டார். என் குரல் நடுங்கியிருக்கும் போல. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. கணவர் டூட்டி முடிந்து சாப்பிட வந்தார், அவர் போனிலிருந்து போட்டேன். எடுத்ததும், "ஒங்க கூட்டமே இந்த வேலைதானாலே?" என்று அண்ணாச்சி கத்திய கத்தலில் இவர் போனைத் தள்ளிப் பிடித்தார்.

முப்பிடாதியைக் கூப்பிடலாம் என்றால் போன் கேட்டில் கிடக்கும். பூ மார்க்கெட்டுக்கு நேரே போகலாம் என்றால் ஸ்கூட்டியில் பெட்ரோல் இல்லை. கடையையும் போட்டுவிட்டுப் போக முடியாது. நான் என்ன செய்ய?

ஒன்றரைக்கு ஒருமுறை, மூன்றுக்கு ஒருமுறை, நாலேகாலுக்கு ஒருமுறை ஓடிபி அனுப்பச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் திரையில் எண்கள் இறங்கிக்கொண்டே வரும், சுழியத்தில் நின்றுவிடும். அந்தக் கட்டத்தில் ஆறு எண் போட வேண்டும். அந்த ஆறு எண்ணும் ரெண்டு தெரு தள்ளி அண்ணாச்சி சட்டைப் பையில் இருந்தன.

ஐந்து மணிக்குப் பக்கம் மூடிக்கொண்டது.

ஆறு மணிக்கு அவள் வந்தாள். இன்றைக்கு முகமெல்லாம் சிரிப்பு. கேட்டில் போனை வாங்கியதும் அப்பா பேசினாராம்.

"அக்கா, இன்னைக்கி என்ன நடந்துச்சு தெரியுமா? எங்கப்பா ஒரு களவாணிப் பொம்பளையப் புடிச்சிட்டாரு! உங்க பேரச் சொல்லியே ஓடிபி கேட்டுருக்காக்கா. அப்பா விட்டாரு பாருங்க ஒரு டோஸு! மார்க்கெட் பூராவும் இதே பேச்சுதானாம். நான் ஜெயிச்சிட்டேங்க்கா."

சிரித்தேன். கடவுளே, நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது இவர் கேட்டார். "மார்க்கெட்டு ரெண்டு தெரு. நடந்தே போயிருக்கலாம்லா?"

"பெட்ரோல் இல்லன்னேம்லா."

"நேத்துதானே வடிவு நான் ரெண்டு லிட்டர் போட்டேன்?"

அவருக்கு என்ன தெரியும்.

ஜூன் 18, புதன்

பல்வலி. கடை அரை நாள்தான்.

ஜூன் 19, வியாழன்

இரண்டாம் நம்பரில் எச்சரிக்கை அமத்தப்பட்டிருந்தது. போன மாதம் சர்வீசுக்கு வந்த அந்தோணி நோண்டியிருப்பான். செட்டிங்ஸில் போய்த் திரும்பப் போட்டேன். ஒரே ஒரு சொடுக்கு. அமத்தும்போது சம்மதமா என்று கேட்கும், போடும்போது ஒன்றும் கேட்காது. அந்தப் போலித் தளத்தைத் திறந்து பார்த்தேன். சிவப்பு. மறுபடி திறந்தேன். சிவப்பு. பன்னிரண்டு நாளுக்கு முன்னால் இது வந்திருந்தால் போதும்.

மோசடிப் புகார் எண்ணுக்குப் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். எவ்வளவு பணம் போனது என்று கேட்டார்கள். ஐந்நூறு. வேறு ஏதாவது? ஒரு நர்சிங் சீட்டு என்றேன். அந்தப் பெண் அதிகாரி, "அதுக்கு இதுல கட்டம் இல்லம்மா, பணம் மட்டும்தான் போட முடியும்" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

கவுன்சிலிங் உதவி எண்ணுக்கு இருபது தடவை முயன்றேன். இருபத்தொன்றாவது தடவை எடுத்தவர், தேதி முடிந்தால் முடிந்ததுதான் என்றார்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று இரண்டு பேர் சிவப்பைப் பார்த்துப் பயந்து எதிர்க் கடைக்குப் போனார்கள். போகட்டும்.

முப்பிடாதி வந்தாள். "மெசேஜு?" என்று கேட்கக்கூட இல்லை, வாசலில் நின்று புருவத்தை மட்டும் தூக்கினாள். நான் தலையை ஆட்டினேன். எங்களுக்குள் அது ஒரு பாஷையாகிவிட்டது.

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று காலையில் குளிக்கும்போதே முடிவு செய்திருந்தேன்.

ஜூலை 2, புதன்

கல்லூரிப் பட்டியலை அச்செடுத்துத் தரச் சொன்னாள். தந்தேன். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பென்சிலால் ஒன்று, இரண்டு என்று வரிசை போட்டாள்.

"தேனி நல்லதாக்கா, தூத்துக்குடி நல்லதா? தூத்துக்குடின்னா அப்பா ஞாயித்துக்கெழமை வந்து பாத்துட்டுப் போயிரலாம். தேனியில ஹாஸ்டல் நல்லாருக்கும்னு சொல்லுதாங்க."

"தூத்துக்குடியே போடு" என்றேன். ரப்பரை எடுத்து அழித்துத் தூத்துக்குடியை முதலில் போட்டாள். அரை மணி நேரம் அவளோடு உட்கார்ந்து, விண்ணப்பமே இல்லாத ஒரு பெண்ணுக்கு நான் கல்லூரி தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். நான் மனுஷிதானா?

ஜூலை 10, வியாழன்

நாளை தரவரிசைப் பட்டியல். கம்பெனியில் அரை நாள் பெர்மிஷன் கேட்டிருக்கிறாளாம். "அப்பா வரலக்கா, லோடு இருக்கு. நான் மட்டும் வாரேன்" என்றாள். அந்த மட்டும் நல்லது.

பெட்ரோல் இருந்தது. எழுதியாவது வைக்கிறேன். அன்றைக்கு டேங்கில் ரெண்டு லிட்டர் பெட்ரோல் இருந்தது. மார்க்கெட்டுக்கு நடந்தால் ஆறு நிமிடம், நைட்டிக் கம்பெனிக்குப் பத்து நிமிடம். போனால் எதற்கு வந்தேன் என்று சொல்ல வேண்டும். எட்டுப் பேர் முன்னால் அவளை அதட்டியவள், நூறு பேர் முன்னால் போய் அவள் கேட்டதுதான் சரி என்று சொல்ல வேண்டும். அதற்கு எனக்குக் கால் வரவில்லை. அந்தோணி மேல் பழி போட்டதும் பொய்தான். எச்சரிக்கையை அமத்தியது நான், சம்மதம் சொன்னதும் நான்.

ஜூலை 11, வெள்ளி

பத்து மணிக்குப் பட்டியல் வந்தது. அதற்குள் அவள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். நல்ல சுடிதார் போட்டிருந்தாள். நான் ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

"எதுக்குக்கா ஷட்டர?"

சொன்னேன். சிவப்பை அமத்தியதிலிருந்து ஆரம்பித்து, ஒன்றையும் விடாமல் சொன்னேன். அடிப்பாள், அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். பட்டியலைக் காட்டச் சொன்னாள். நூற்று எண்பத்தாறரை எடுத்தவர்கள் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்று விரலை வைத்துப் பார்த்தாள். தூத்துக்குடி நிச்சயமாகக் கிடைத்திருக்கும். அது அவளுக்கும் தெரிந்தது.

விரலை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப, அன்னைக்கி அப்பாவுக்குப் போன் போட்டது... நீங்களாக்கா?"

"நாந்தான்."

"நெசமாவே நீங்கதானா?"

அப்போதுதான் அவள் முகம் உடைந்தது. துப்பட்டாவை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள். நான் தோளைத் தொட்டேன், தள்ளிவிட்டாள். நியாயம்தான்.

"அப்பாகிட்ட நானே வந்து சொல்லுதேன்ட்டி. தப்பு பூரா என் மேலதான். கால்ல விழச் சொன்னாலும் விழுதேன்."

"வேண்டாம்." கண்ணைத் துடைத்தாள். "சொல்லக் கூடாதுக்கா. அந்தப் போனு உண்மையான போனுன்னு தெரிஞ்சா எங்கப்பா செத்துருவாரு. இன்னும் மார்க்கெட்ல எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்காரு. எம்மவ சொல்லிக்குடுத்தான்னு."

"அப்ப நீ என்ன சொல்லுவ?"

"மார்க்கு பத்தலன்னு சொல்லிருவேன். நீங்களும் அதையேதான் சொல்லணும். சத்தியம் பண்ணுங்க."

முடியாது என்றேன். சத்தியம் செய்கிற வரைக்கும் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். பதினேழு வயது. என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் செய்தேன்.

ஷட்டருக்கு அடியில் குனிந்து போய்விட்டாள். சாயங்காலம் ஆறு மணிக்கு வரவில்லை.

ஜூலை 12, சனி

கோமதிநாயகம் அண்ணாச்சி வந்தார். இன்றைக்கும் வாசலில்தான் நின்றார். உள்ளே வாங்க என்றேன், கால் ஈரம் என்றார்.

"மார்க்கு பத்தலையாம்லா தங்கச்சி."

தலையை மட்டும் ஆட்டினேன்.

"நான்கூட நல்ல மார்க்குன்னு நெனச்சிட்டேன். ஊரெல்லாம் சொல்லிட்டேன். நமக்கென்ன தெரியும், இதவிட நெறைய எடுத்தவுக இருப்பாகளாயிருக்கும். ராத்திரி பூரா கேட்டுப் பாத்தேன், போட்டதுல ஏதும் தப்பு நடந்துட்டா புள்ளன்னு. இல்லப்பா, அக்கா சரியாத்தான் போட்டாக, எனக்குத்தான் மார்க்கு பத்தலன்னுட்டா." துண்டால் முகத்தைத் துடைத்தார். "இருந்தாலும் ஒங்க வாயால ஒருவாட்டி கேட்டுக்கிடுதேன். தப்பு ஒண்ணும் இல்லல்லா?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் என் பாரம் இறங்கிவிடும். அது அப்படியே அவர் தலையில் போய் உட்காரும்.

"இல்லண்ணாச்சி. மார்க்குதான் பத்தல."

"அப்ப சரி." பெருமூச்சு விட்டார். "அவள நல்லாத் திட்டிட்டேன், இன்னுங் கொஞ்சம் படிச்சிருக்கக் கூடாதான்னு. பேசாம நின்னு வாங்கிக்கிட்டா. கம்பெனியில மிசின்ல உக்காரச் சொல்லிட்டாங்களாம், திங்கக்கெழமையிலருந்து முழு நாள் வேலை."

படியிறங்கியவர் திரும்பி நின்று கும்பிட்டார்.

"நீங்க எவ்வளவு பாடுபட்டீங்க தங்கச்சி. ஒங்க பேரச் சொல்லியே ஒருத்தி ஏமாத்தப் பாத்தா, தெரியுமா? நான் விடல."